முப்பது மீட்டர்

“ரொட்டி தட்டுற ஆளு சொன்னா சட்டம் வருது. பதினோரு வருஷமா நான் சொல்றேன், ஒருத்தன் கொட்டாவியைக்கூட அடக்கலே!”

நகரத் திட்டமிடல் அதிகாரி யோகேந்திரன் நாளிதழை மேசைமேல் வீசினார். எதிரே இருந்த உதவியாளர் ஷாமல் அதை எடுத்துப் பார்த்தான்.

ஆற்றங்கரையிலிருந்து முப்பது மீட்டருக்குள் இனிக் கடையோ காய்கறித் தோட்டமோ இருக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமன்றம் முடிவு செய்திருந்தது. படத்தில் தொகுதியின் ‘ஒய்பி’, அதாவது சட்டமன்ற உறுப்பினர், சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், தொப்பியும் அரைக்கைச் சட்டையுமாக, ரொட்டி சானாய் கடை நசுருதீன். இந்தச் சட்டத்தை உறுப்பினரிடம் கேட்டவர் அவர்தானாம்.

“நல்ல செய்திதானே சார்? நம்ம திட்டம்தானே?”

“திட்டம் நம்மளுது. பேரு எங்கே?”

ஷாமல் தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்திலும் இல்லை.

பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஆறு பெருகிச் சேறு புகுந்த நாளிலிருந்து யோகேந்திரன் இதற்காக எழுதாத கடிதம் இல்லை. நாற்பத்திரண்டு பக்க அறிக்கை. மாநிலத் தலைநகர் குவாந்தானுக்கு ஒன்பது நடை. வரைபடத்தை மண்டபத்தில் ஒரு மாதம் மக்கள் பார்வைக்கு வைத்தார். வந்தவர்கள் நாலு பேர். அதிலும் இரண்டு பேர் கழிப்பறைக்கு வழி கேட்டு வந்தவர்கள். பாவம் பார்த்து ஷாமல்தான் ஒரு நகலைக் கொண்டுபோய் நசுருதீன் கடைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தான்.

இப்போது மாலை விழுந்திருப்பது கடைக்காரர் கழுத்தில். படத்தில் அவருடைய பல்வரிசைகூட யோகேந்திரனுக்குப் பிடிக்கவில்லை.

“சோழியன் குடுமி சும்மா ஆடுமா? கோடு அந்தாளு கடையைத் தொடாம போயிருக்கும். பக்கத்துக் கடையெல்லாம் காலியாயிட்டா தேயிலைத் தோட்டத்து ஆளுங்க அத்தனை பேரும் எங்கே சாப்பிடுவாங்க? அங்கேதானே!”

“அவரு கடையும் ஆத்தோரம்தானே சார்…”

“அளந்து பாத்தியா?”

ஷாமல் நாளிதழை மடித்து வைத்தான்.

யோகேந்திரன் வரைபடத்தை விரித்தார். அவர் கையால் போட்ட சிவப்புக் கோடு ஆற்றோடு கூடவே ஓடியது. விரலை அதன்மேல் ஓட்டினார். மச்சான் சிவனேஸ்வரனின் தக்காளித் தோட்டம் வந்ததும், விரல் வழக்கம்போல் சட்டென்று தாண்டிக்கொண்டது. பக்கத்திலேயே நசுருதீன் கடை, கடுகளவு. கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பிடிபடவில்லை.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

கடையில் மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. யாரிடமும் பேசாமல் பின்பக்கம் போய், நாடாவின் நுனியைக் கரையோரக் கல்லில் மாட்டி இழுத்துக்கொண்டே வந்தார். எட்டு… பத்து… பன்னிரண்டில் அடுப்பு இடித்தது.

“பன்னெண்டு மீட்டர், சார்.” நசுருதீன் மாவைத் தட்டியபடியே சொன்னார். “போன மாசமே அளந்துட்டேன். வாசல் இருபத்தாறு. அடுப்பு, கல்லா, மேல நாங்க படுக்குற ரூம்பு, எல்லாம் போவுது. ஒக்காருங்க. தே ஓ குடிக்கிறீங்களா?”

நாடா ‘சர்’ரென்று யோகேந்திரன் கையில் சுருண்டது.

“தெரிஞ்சேதான் அவருகிட்டே பேசினீங்களா, அண்ணே?”

“கடைக்கு வந்தப்போ ஒய்பியும் இதத்தான் கேட்டாரு. ‘உன் கடையே போவுதேய்யா’ன்னாரு. சுவத்துல இந்தக் கறையைக் காட்டுனேன். மூணு தரம் பெயிண்டு அடிச்சும் மேல வருது பாருங்க, இடுப்பளவு சேறு. ‘அடுத்த தடவை கழுத்தளவு வந்தா கடைய வச்சு என்னா செய்யிறது?’ன்னேன். சட்டமன்றத்துல பேசுறேன்னாரு.”

நசுருதீன் பால் கலக்காத தே ஓவை யோகேந்திரன் முன்னால் வைத்தார்.

“சொன்னதெல்லாம் நீங்க எழுதுனதுதான்லா. ரொட்டி வேகுற நேரத்துல சுவத்தைப் பாத்துப் படிச்சது. உங்க பேரை ரெண்டு தரம் சொன்னேன். பேப்பர்காரன் போடலே.”

யோகேந்திரன் நாடாவை மேசைக்கு அடியில் தள்ளினார்.

“இன்னொண்ணும் கேட்டாரு, சார்.” நசுருதீன் கையைத் துடைத்துக்கொண்டு சுவரிலிருந்த வரைபடத்தில் விரலை வைத்தார். “எல்லா எடத்துலயும் முப்பது மீட்டர். இங்க மட்டும் கோடு ஏன் ஆத்தங்கரை வரைக்கும் வளைஞ்சு போவுதுன்னு.”

விரல் நின்ற இடம் அடுத்த தோட்டம். சிவனேஸ்வரனுடையது.

தூக்கிய தே ஓ கோப்பையை யோகேந்திரன் கீழே வைத்தார். “நீங்க… என்ன சொன்னீங்க?”

“மேப்பு பழசு, ஆறு இப்போ அங்க தள்ளி வளைஞ்சிருச்சு, கோடு சரிதான்னு சொல்லிட்டேன்.”

பின்வாசல் வழியே தெரிந்தது. மச்சானின் தக்காளிப் பந்தலை ஒட்டி, அடிக்கோல் வைத்துக் கிழித்தாற்போல் ஆறு நேராக ஓடிக்கொண்டிருந்தது.

நசுருதீன் அடுத்த ரொட்டியை வீசிக் கல்லில் போட்டார்.

“மேப்பு அரசாங்க கெசட்டுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்காமே. அதுக்குள்ள ஆறு நேராயிடும்ல, சார்?”