யாருக்கோ ஓர் இலை

செத்தவர்களுக்குப் படைக்கும் முன் உப்புக்கூடப் பார்க்கக் கூடாது என்பது வடிவாம்பாள் வீட்டு வழக்கம். வீட்டில் எஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான். அப்பா இலையில் சேப்பங்கிழங்கு வறுவல், அம்மாவுக்குப் பாகற்காய். அண்ணனுக்கு வடை, இல்லாவிட்டால் செத்தும் முறைப்பான். ஓரத்தில் இன்னோர் இலை, அதில் வெறும் சோறு.

"அது யாருக்குக்கா?" என்றாள் பூ கொடுக்க வந்த பக்கத்து வீட்டு மல்லிகா.

"தெரியலம்மா. எங்கம்மாவுக்கே தெரியாது. என்ன பிடிக்கும்னும் தெரியாது. ஆனா விடாம போட்டுட்டு வர்றோம்."

"உங்களுக்கப்புறம் யாருக்கா போடுவாங்க?"

வடிவாம்பாள் சிரித்து வைத்தாள். மல்லிகா போனதும் அடுப்பை மறுபடி பற்றவைத்து, தனக்குப் பிடித்த கத்தரிக்காய் வதக்கலை எண்ணெய் மிதக்கச் செய்தாள். ஓரத்து இலையில் அதை வைத்தாள். பிறகு ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்து, உப்புப் பார்த்தாள்.