திங்கட்கிழமைக்குச் சொன்ன லொக்மா

இனிப்பு உருண்டை பொரிக்கும் வண்டியை எங்கே நிறுத்துவது என்று பார்க்க வந்த லொக்மாக்காரன் நஸ்மி, பெயர்ப்பலகையையும் கையோடு கொண்டுவந்திருந்தான்.

பலகையின் முகம் சுவர்ப்பக்கம் இருந்தது. குல்சூம் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனமெல்லாம் கணவன் மேல் இருந்தது.

ஜெவ்தெத் தன் பொத்தான் கடை வாசலில் நின்று, எதிர்க்கடை மீன்காரரிடம் நாளைய தேர்தலை இன்றைக்கே எண்ணி முடித்துக்கொண்டிருந்தார்.

"ஆளு அவுட்டு! மூட்டை முடிச்சக் கட்டியாச்சு. திங்கட்கிழமை இந்தத் தெருவுக்கே என் செலவுல லொக்மா. சின்னப் பாத்திரத்தோட வந்து நிக்காதீரு!"

மீன்காரர் கையைத் தட்டினார். கடலோரப் பகுதியான அந்தக் கார்ஷியாகாவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொன்னார்கள். ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுகிற ஒரே ஒரு ஆளை எனக்குக் காட்டு பார்ப்போம் என்பார் ஜெவ்தெத். அதுதான் அவருடைய கணக்கு. உண்மைதான், அந்தத் தெருவில் அப்படி ஒருவரும் இல்லை.

குல்சூமின் அக்காக்கள் அந்தத் தெருவில் இல்லை. கடலே பார்க்காத யோஸ்காட்டில் இருந்தார்கள். இன்று காலைகூட மூத்தவள் போன் செய்தாள். கோதுமை விலையைச் சொன்ன அதே குரலில், எங்கள் ஊர் முழுக்க ஓட்டு ஜனாதிபதிக்குத்தான் என்றாள். அவளும் வேறு மாதிரி பேசுகிற ஒரு ஆளைப் பார்த்ததில்லையாம்.

யோஸ்காட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து ஜெவ்தெத் கேட்டதே கிடையாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

யார் ஜெயித்தால் என்ன என்று இருந்துவிடலாம், மகன் கொராய் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால். ஜனாதிபதியைக் கிண்டல் செய்து இணையத்தில் மூன்று வரி எழுதினான். வழக்குப் போட்டார்கள். பிடிவாரண்டு வருவதற்குள் பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். இந்த ஆள் நாற்காலியில் இருக்கும்வரை பையன் விமானத்தை விட்டு இறங்கினால் நேரே சிறைதான் என்று வக்கீல் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

ஆள் மாறினால் வழக்கும் போகும். மகன் வருவான். அவளுக்கும் ஆசைதான். ஆனால் ஆசைப்படவே பயமாக இருந்தது.

"ரிசல்ட் வரட்டுங்க. அதுவரைக்கும் அவன வான்னு சொல்லிடாதீங்க" என்று ஒரு வாரமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவரும் சரி சரி என்று தலையாட்டியிருந்தார்.

நஸ்மி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் அருகில் வந்தான்.

"மனசத் தேத்திக்கங்கக்கா. நமக்கு வாய்ச்சது அவ்வளவுதான்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

அவன் பலகையைத் திருப்பினான்.

'மறைந்த கொராயின் ஆன்மாவுக்காக.'

அந்த ஊரில் லொக்மா என்றால் பெரும்பாலும் சாவுக்குத்தான். செத்தவர் பெயரை வண்டிமேல் எழுதி வைப்பார்கள். வரிசையில் நின்று பாகில் தோய்த்த சூடான உருண்டைகளை வாங்குகிறவர்கள் காசு தர வேண்டாம். அந்தப் பெயருக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டால் போதும். நல்ல காரியத்துக்கும் பொரிப்பது உண்டு. ஆனால் நஸ்மியிடம் வருகிறவர்கள் அநேகமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வருவார்கள்.

குல்சூம் அந்தப் பெயரை இரண்டு முறை படித்தாள்.

ஜெவ்தெத் விழுந்து விழுந்து சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட மடையா! செத்ததுக்கு இல்லடா, வர்றதுக்கு! போன்ல பேரு கேட்டே, சொன்னேன். என் பிள்ளை பிளேன்ல ஏறிட்டான்டா! ஆறு மணிக்கு இறங்குறான்!"

சொன்ன பிறகுதான் மனைவி பக்கத்தில் நிற்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

"இன்னிக்கா?" என்றாள் அவள்.

"திங்கட்கிழமைக்கு டிக்கெட்டே இல்ல குல்சூம். அத்தனை பிள்ளைங்களும் கிளம்பி வருதுங்க. நாளையோட போகப்போற ஆளுக்காக எந்தப் போலீஸ்காரன் இன்னிக்கு நம்ம பையன் மேல கை வைப்பான்? சல்யூட் அடிச்சு அனுப்புவான், பாரு."

நஸ்மி சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்த துணியை எடுத்து, முதல் சொல்லை மட்டும் அழிக்கப் பார்த்தான். பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது.

"போன தேர்தலுக்கும் நிறையப் பேரு இப்படிச் சொன்னாங்கண்ணே" என்றான், துடைத்துக்கொண்டே. "கரைச்ச மாவையெல்லாம் சாக்கடையிலதான் கொட்டினேன்."

குல்சூம் போனை எடுத்தாள். இரண்டு முறை தப்பாக அழுத்தினாள். மகனுடைய போன் அணைந்திருந்தது. மறுபடி அழைத்தாள். வானத்தில் இருக்கிறவனை எப்படித் திரும்பிப் போகச் சொல்வது?

"ஒண்ணும் ஆகாது" என்றார் ஜெவ்தெத்.

மீன்காரர் உள்ளே போய்விட்டிருந்தார்.

"ஒண்ணும் ஆகாதும்மா" என்று ஜெவ்தெத் இன்னொரு முறை சொன்னார். இந்த முறை குரல் அவ்வளவாக எழும்பவில்லை. கடைக்குள் மாட்டியிருந்த கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

காய்கறிப் பையோடு வந்த பக்கத்து வீட்டுக்காரி பலகையைப் பார்த்து நின்றாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். பையை நடைபாதையில் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து குல்சூமைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயோ, நம்ம கொராயா? எப்போடி?"

குல்சூம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"ஆறு மணிக்கு" என்றாள்.