மதியம் சாப்பாடு வேண்டாம்

"மாஸ்டர், மதியம் எனக்கு எதுவும் வைக்காதீங்க. வயிறு ஒரு மாதிரியா இருக்கு."

அரிசி களைந்துகொண்டிருந்த சமையல் மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். விடுதிச் சமையலறை வாசலில் நர்ஸம்மா நின்றிருந்தார். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு இந்தச் சுற்றுலாவுக்கு வந்தவர். காய்ச்சலோ தலைவலியோ, குழுவில் யாருக்கு எது வந்தாலும் அவரிடம்தான் ஓடுவார்கள். அவருக்கே வயிறு சரியில்லை என்றால் என்ன அர்த்தம்?

மாஸ்டர் அரிசியில் ஒரு பிடி குறைத்தார். சுற்றுலாக் கம்பெனியின் பெருமையே கூடவே வரும் சமையல்தான். இன்றைக்கு எல்லோரும் மலை ரயிலில் மேலே போய்விட்டு மதியம் திரும்புவார்கள். திரும்பும்போது சூடாகச் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும்.

அடுத்து பழைய தபால்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். ராத்திரியிலிருந்தே கடமுடா என்கிறது என்றார். அவர் போனதும் புதுசாகக் கல்யாணமான ஜோடி. அப்புறம் தையற்காரரும் அவர் மனைவியும். பிள்ளைகளுக்கும் சேர்த்தே வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். டீ டம்ளர்களைக் கழுவி முடிப்பதற்குள் மொத்தக் குழுவும் வந்து போயிருந்தது.

மாஸ்டர் சாமான்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். எண்ணெயை முகர்ந்து பார்த்தார். தண்ணீர் அண்டாவைச் சாய்த்துப் பார்த்தார். நேற்று மீந்ததை எடுத்து வாயில் போட்டும் பார்த்தார். ஒரு குறையும் தெரியவில்லை.

விஷயம் டூர் மேனேஜர் காதுக்கும் போனது. அவர் வயதில் சின்னவர், பேச்சில் கறார். கெட்டுப்போன பாலை ஊற்றியதற்காகத்தான் முன்பிருந்த சமையல்காரரைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது என்பதை நினைவுபடுத்தினார்.

"ஆபீஸ்ல மறைக்க முடியாது மாஸ்டர். சாயங்காலம் போன் பண்ணித்தான் ஆகணும்."

மாஸ்டர் தலையை ஆட்டினார். மூத்தவள் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். இளையவளுக்கு இன்னும் பள்ளிக்கூடம் முடியவில்லை. இந்தக் கரண்டியை விட்டால் வேறு கரண்டி உடனே கிடைக்காது.

பயணத்தை நிறுத்திவிடலாமா என்று மேனேஜர் நர்ஸம்மாவிடம் கேட்டார். நிறுத்துகிற அளவுக்கு ஒன்றுமில்லை, மலைக்காற்று நல்லதுதான், ஆனால் கையோடு வெந்நீர் இருக்க வேண்டும், ஊற்றிக் கொடுக்க ஓர் ஆளும் வேண்டும் என்றார் அவர். சமையலே இல்லாதபோது மாஸ்டருக்குக் கீழே என்ன வேலை? கடைசி நேரத்தில் ஒருவர் சுற்றுலாவுக்கு வராததால் ரயிலில் ஓர் இடமும் காலியாக இருந்தது. செய்ததற்கு அனுபவிக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மேனேஜரும் சம்மதித்துவிட்டார்.

சின்னச் சின்னப் பெட்டிகள். பின்னாலிருந்து எஞ்சின் தள்ள, நடுவிலிருந்த பல் தண்டவாளத்தைக் கடித்துக் கடித்து ரயில் ஏறியது. எல்லோரும் ஜன்னல்களில் தொற்றிக்கொண்டார்கள். மாஸ்டர் மட்டும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, பெரிய பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யாருக்காவது வேர்க்கிறதா? யாராவது வெளிறிப் போகிறார்களா?

பாலம் வந்தது, பள்ளத்தாக்கு வந்தது, காலுக்குக் கீழே மேகம் வந்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் எதிரிலிருந்த முகங்களில் வெளிச்சம் மாறியதுதான். குகைக்குள் ரயில் நுழைந்ததும் பிள்ளைகள் ஊளையிட்டார்கள். அந்த இருட்டில் யாராவது முனகுகிறார்களா என்று அவர் காது கொடுத்துக் கேட்டார்.

"மாஸ்டர், கொஞ்சம் திரும்பித்தான் பாருங்களேன்" என்றார் நர்ஸம்மா.

"இருக்கட்டும்மா. நீங்க ஒரு வாய் வெந்நீர் குடிங்க."

தபால்காரர் மூன்றாவது டம்ளரைக் கஷாயம் குடிப்பதுபோல் குடித்து முடித்தார். மாஸ்டர் கண்ணை மூடி ஆண்டவனை வேண்டினார். தன் வேலைக்காகத் தொடங்கிய வேண்டுதல், வழியில் எங்கோ இவர்கள் உடம்புக்காக மாறிப்போனதை அவர் கவனிக்கவில்லை.

உச்சி ஸ்டேஷனில் இறங்கியதும் பிளாஸ்க்கை நிரப்ப ஓடினார். திரும்பி வந்தபோது கூட்டமெல்லாம் கேண்டீனில் உட்கார்ந்திருந்தது. தபால்காரரின் தட்டில் ரொட்டியும் பொரித்த முட்டையும். புதுப்பெண் இரண்டாவது தட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். மேனேஜர் ஒன்றும் புரியாமல் ஓரமாக நின்றிருந்தார்.

மாஸ்டர் பாய்ந்துபோய்த் தபால்காரரின் தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, வேணாங்கய்யா. என் வேலை போனாப் போகுது. இந்த வயித்தோட எண்ணெய்ப் பண்டம் ஆகாதுங்கய்யா."

தபால்காரர் வாயில் இருந்ததை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நர்ஸம்மாவைப் பார்த்தார். நர்ஸம்மா எழுந்து வந்து, மாஸ்டரைத் தோளைப் பிடித்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தார்.

"இப்படி பயந்துபோவீங்கன்னு நாங்க நினைக்கவே இல்ல, மன்னிச்சுக்குங்க. எங்க வயித்துக்கு ஒண்ணுமில்ல மாஸ்டர். இத்தனை டூர் வந்தும் நீங்க ஒரு தடவைகூட மலை மேல வந்ததில்லையாமே. நேத்து மேனேஜர் தம்பிகிட்ட கேட்டா, மதியச் சாப்பாடு இருக்கிறவரைக்கும் மாஸ்டர் அடுப்பை விட்டு நகர முடியாதுன்னுட்டாரு, அதான் நாங்க சாப்பாட்டையே நிறுத்திட்டோம்."

ஒரு தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "சாப்பிடுங்க. இறங்கும்போதாவது எங்க மூஞ்சியைப் பார்க்காம வெளியே பாருங்க."