தட்டினால் ஓடிவிடும்

“கத்து டொரீன்! வாணலியைப் பலமா தட்டு!”

தெருச் சங்கத் தலைவர் ஹார்லன், தன் கையிலிருந்த பாத்திரத்தைக் கரண்டியால் அடித்தபடியே கூவினார். அரிசோனாவின் அந்தத் தெரு முழுக்க அதே சத்தம்தான். ஆனால் பின்வாசலில் வந்து நின்ற மூன்று கொயோட்டிகளும் ஓடவில்லை. ஓநாய்க்குத் தம்பி மாதிரி இருந்த அவை சாவகாசமாக உட்கார்ந்துகொண்டன.

“முன்னெல்லாம் ஒண்ணுதான் வரும். வீட்டுக்கு வீடு பாத்திரத்தைத் தட்டி விரட்டணும்னு சங்கத்துல முடிவு பண்ணதுல இருந்து கூட்டமா வருதுங்க. வெட்கங்கெட்ட ஜென்மங்க! நம்ம நாயைத் தூக்கிட்டுப் போனாத்தான் அடங்குமோ?”

மனைவி டொரீன் நாய்க்குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். வாணலியைத் தட்டவில்லை.

“எவனோ தீனி போட்டுப் பழக்கியிருக்கான். பக்கத்து வீட்டு வெண்டல்தான். நாளைக்கே அபராதம் போடறேன் பாரு.”

“ஐயோ, அவர் இல்லை.”

“உனக்கெப்படித் தெரியும்?”

ஹார்லன் இன்னும் ஓங்கி அடித்தார். கொயோட்டிகள் எழுந்தன. அவரைச் சட்டைசெய்யாமல் தாண்டி வந்து, டொரீனின் முகத்தையே பார்த்து நாக்கைத் தொங்கப்போட்டன.

கரண்டி அந்தரத்தில் நின்றது.

“நீ சங்கக் கூட்டத்துக்குப் போற சாயங்காலமெல்லாம், மிச்சக் கறியை வீணாக்குவானேன்னு...” டொரீன் இழுத்தாள். “வாணலியைத் தட்டித்தான் கூப்பிடுவேன்.”

“அடிப்பாவி!”

“என்னை ஏன் திட்டறே? நான் ஒருத்திதான் கூப்பிட்டேன். நீ தெருவையே அதுங்களைச் சாப்பிடக் கூப்பிட வெச்சுட்டே. வராம என்ன பண்ணும்?”