மாதிரிக் காட்சி

பம்பலப்பிட்டியிலிருந்த விளம்பரப்படக் கம்பனி ஒன்று, திரைப்படக் கல்லூரியோடு சேர்ந்து வருடத்துக்கு ஒரு மாணவருக்குக் கமெராவும் படமெடுக்கும் செலவும் கொடுத்து வந்தது. இந்த வருடம் இறுதித் தேர்வுக்கு வந்தவள் கொட்டாஞ்சேனை பாக்கியலெட்சுமி.

அவள் டேப்பில் கொண்டுவந்த மாதிரிக் காட்சியை மனேஜர் ராசிக் டிவியில் போட்டு முழுவதும் பார்த்தார். காணாமல் போன மகனைப் பற்றி ஒரு தாய் ஏழு நிமிடம் பேசினாள். சோதனைச் சாவடியில் அவனை பஸ்ஸிலிருந்து இறக்கியதையும், அன்று அவன் போட்டிருந்த நீலச் சட்டையையும் சொன்னாள்.

"நல்ல நடிப்பு, தங்கச்சி. கமெரா ஒங்களுக்குத்தான்," என்றார் ராசிக். "ஆனா அந்தம்மா கமெராவைப் பார்க்காம ஒங்களையே பார்த்துப் பேசுறாங்க. அதை மட்டும் மாத்தி எடுங்க."

"மறுபடி எடுக்க ஏலாது சேர்."

"ஏன், வேற நாடகத்துக்குப் போறாங்களா?"

"நடிக்கிறவங்க இல்ல சேர். எங்க அம்மா. பிடிச்சிட்டுப் போனது எங்க அண்ணன."

ராசிக் டிவியை நிறுத்தினார்.

"இது படத்துக்குன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. காணாமப் போனவங்கள விசாரிக்கிற கமிஷன்ல முறைப்பாடு குடுக்கன்னு சொல்லித்தான் எடுத்தேன். மொதல்ல அங்கதான் கொண்டு போனேன் சேர். டேப்பப் பார்க்க மெஷின் இல்ல, எழுதிக் குடுத்துட்டுப் போன்னுட்டாங்க."

அவள் டேப்பை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"யாராச்சும் பார்த்தாங்களான்னு அம்மா தெனம் கேக்குறாங்க. இன்னைக்குப் போய், ஒருத்தர் கடைசிவரைக்கும் பார்த்தாருன்னு சொல்லுவேன்."