ரெண்டு கிலோ

"அரை ரொட்டி போதும்மா. அறுநூறு கலோரி வந்திருச்சு," என்றாள் சுலோஜினி, போனைப் பார்த்தபடி.

அம்மா பிலோமினாவுக்குச் சர்க்கரை. எழுபத்து மூன்று கிலோ எடையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அரை ரொட்டியோடு ஒரு மாதம் வெயிலில் மலையேறித் தேயிலைக் கொழுந்து பறித்தாள். கடைசி நாள், கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் தானே ஏறி நின்றாள்.

"எழுபத்தொன்னு," என்றார் கணக்கப்பிள்ளை.

மறுநாள் கிளினிக் தராசு எழுபத்து மூன்றையே காட்டியது. "கள்ளமா சாப்பிட்டீங்களா?" என்றாள் நர்ஸ்.

பிலோமினா களைத்துப்போய் மடுவத்துக்கு வந்தாள். "உங்க தராசு பிழைங்க ஐயா."

"தராசு சரிதான். தினமும் கொழுந்துல மழைத்தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிச்சுச் சொல்லி, வாய் பழகிப்போச்சு."

பிலோமினா வானத்தைப் பார்த்தாள்.

"மழை பெஞ்சு ரெண்டு மாசமாச்சுங்களே ஐயா."