கடைசியாகக் கையில் இருந்தது

"அந்தப் பொண்ணுக்குப் பரிஞ்சு பேசாதீங்க சார். தப்பு அவ மேலன்னா அவ மேலதான்னு பட்டுனு சொல்லிடுங்க" என்றது போனில் ஒரு பெண் குரல்.

போஸ்ட்மார்ட்டம் சிரித்துக்கொண்டான். அது ஆபீஸில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர். ஓடிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போகிற புரோகிராம்களைத் திறந்து பார்த்துக் காரணம் சொல்வதுதான் அவன் வேலை. துணி வெட்டும் மெஷின்களுக்கு அவன் கம்பெனி புரோகிராம் எழுதிக் கொடுக்கிறது. அதில் ஒன்று நேற்று திடீரென்று படுத்துவிட்டது. நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் பிளேடு அதுபாட்டுக்கு ஓடி, ஒரு ரோல் துணி மொத்தமும் கந்தல்.

"நான் யாருக்கும் பரியலை மேடம். புது ஆளா, பாவம்னுதான் கேட்டேன்."

"புதுசெல்லாம் இல்லை. பிரசவத்துக்குப் போயிட்டு இப்பதான் திரும்பி வந்திருக்கா. வீட்ல கைக்குழந்தை, சரியாத் தூக்கம் கிடையாது. வெட்ட வேண்டிய நீளத்தை அடிக்காமலே ஸ்டார்ட் பட்டனை அழுத்திட்டான்னு சூப்பர்வைசர் சொல்றார். இவ என்னடான்னா, அடிச்சேன் அடிச்சேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. தப்பு இவளோடதுன்னா இன்னிக்கே சீட்டு கிழிஞ்சிடும்."

யப்பா, என்ன கறார்! முதலாளியம்மாவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். மெஷின் சாகும்போது எழுதி வைத்த டம்ப் ஃபைலை, பிழை தேட உதவும் டிபக்கரில் திறந்தான்.

"அதுல என்ன சார் தெரியும்?"

"பிராசஸர்ல ரெஜிஸ்டர்னு சின்னச் சின்ன இடங்கள் இருக்கு மேடம். அந்தந்த நொடிக்கு வேண்டிய எண்களை அதுலதான் வச்சிருக்கும். மெஷின் விழுந்தப்ப கையில என்ன வச்சிருந்ததுன்னு பாத்துடலாம்."

பார்த்தான். முகம் சுருங்கியது.

"மேடம்... நீளம் இருக்க வேண்டிய ரெஜிஸ்டர்ல பூஜ்யம்தான் இருக்கு."

"அப்ப... அவ அடிக்கவே இல்லையா?" அவசரமாகக் கேட்டாள். "கண்ணு பொடனியில இருந்திருக்கும் கழுதைக்கு. நல்லாப் பாத்துட்டீங்களா சார்?"

அவன் இன்னொரு தடவை பார்த்தான். புரோகிராம் எந்த வரியில் நின்றது என்று காட்டும் ரெஜிஸ்டர், துணி வெட்டும் பகுதியைக் காட்டவில்லை. அந்த டம்ப் ஃபைலை எழுதும் பகுதியைக் காட்டியது. அடச்சே!

"மன்னிச்சுக்கோங்க மேடம், அவசரப்பட்டுட்டேன். விபத்துல அடிபட்டவர் பையைப் பாக்கறதுக்குப் பதிலா, ரிப்போர்ட் எழுத வந்த போலீஸ்காரர் பையைத் துழாவிட்டேன். இது மெஷின் விழுந்த பிறகு வந்து ஃபைல் எழுதின பகுதியோட ரெஜிஸ்டர். விழுந்த பகுதியோடது தனியா சேமிச்சிருக்கும். ஒரு நிமிஷம்."

தட்டினான். புது வரிசை வந்தது.

"இருக்கு மேடம்! நூத்தி நாப்பத்திரண்டு. அந்தப் பொண்ணு என்ன அடிச்சதாச் சொல்றாங்க?"

"நூத்தி நாப்பத்திரண்டுதான் சார். நூத்தி நாப்பத்திரண்டுதான்."

"அப்படியே இருக்கு. நாங்க இப்ப அனுப்பின புது வெர்ஷன்தான் சொதப்பியிருக்கு. வெட்டின கணக்கைக் குறிச்சு வைக்க இடம் தேடியிருக்கு. இடத்தைச் சொல்ற ரெஜிஸ்டர் காலி. அதான் குப்புற விழுந்துடுச்சு. தப்பு முழுக்க எங்களோடது, எழுதியே தரேன். அந்தப் பொண்ணுகிட்ட முதல்ல சொல்லிடுங்க மேடம். வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல் வந்தது.

"தம்பி, நான் முதலாளி பேசறேன். ஸ்பீக்கர்ல எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். அந்தப் பொண்ணைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம்" என்றவர் லேசாகத் தொண்டையைச் செருமினார். "தான் யாருன்னு தெரிஞ்சா, நீங்க பாவம் பாத்துச் சொன்னதா நாங்க நினைச்சிடுவோம்னு, இவ்வளவு நேரமும் தன்னையே திட்டிக்கிட்டு உங்ககிட்டப் பேசினது அவதான்!"